ஏழு வாரத்துக் கறி

சந்தைக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் மூன்றாவது கடை. அங்கே போய், "கத்தியக்கா இருக்காங்களா?" என்று கேட்டால், தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவள் கணவர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். "கறிக்கு வந்தீங்களா, காலேஜ்லேர்ந்து வந்தீங்களா?" என்பார். கறி என்றால் வரிசையில் நிற்கவேண்டும். காலேஜ் என்றால் வரிசையைத் தாண்டி உள்ளே போகலாம். நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்தான். ஆனால் அவர்களுக்கும் கதை தெரியும். அந்தக் கதையை ஒரு தடவையாவது கேட்காமல் அந்தக் கடையில் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் இல்லை.

கத்தியக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். கணவர் பரம்பரைக் கறிக்கடைக்காரர், ஆனால் கை மட்டும் அவருக்குப் படியவே இல்லை. அரைக்கிலோ தொடைக்கறி கேட்டால் வரைபடம் மாதிரி ஒன்றை வெட்டிக் கொடுப்பார். ஒருநாள் அவர் காய்ச்சலில் படுக்க, வேறு வழியில்லாமல் இவள் கத்தியை எடுத்தாள். அன்றைக்கு வாங்கிப் போனவர்கள் மறுநாள் வந்து, "நேத்து வெட்டின கையே வெட்டட்டும்" என்றார்கள். கத்தி அவளுக்கு, தராசு அவருக்கு என்று அப்போதே தீர்ந்துபோயிற்று. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. சொல்லப்போனால் பெரிய நிம்மதி.

அவளுக்குக் கறியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது விரலை வைத்தாலே தெரியும். கறுப்பா சிவப்பா என்று மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் இவள் நாரைப் பார்ப்பாள். நாருக்குக் குறுக்கே வெட்டினால் வாயில் கரையும், நாரோடு வெட்டினால் பல்லில் மாட்டும். இதெல்லாம் கைப்பழக்கம். ஆனால் மனசுக்குள் ஒரு கேள்வி இருபத்தைந்து வருஷமாக அரித்துக்கொண்டே இருந்தது. அறுத்த சூட்டில் வெட்டுக்கட்டையில் வைத்த துண்டு சில சமயம் தானாகத் துடிக்கும். ஒரு பக்கம் வெடுக்கென்று சுண்டும். சில மணி நேரத்தில் அதே உடம்பு பலகை மாதிரி விறைத்துவிடும், காலை மடக்கவே முடியாது. அதற்கும் அடுத்த நாள் தானாகத் தளர்ந்துவிடும். ஏன்?

மாமனாரைக் கேட்டாள். "உசிர் கொஞ்சம் கொஞ்சமா போவுதும்மா" என்றார். முத்திரை குத்த வருகிற கால்நடை டாக்டரைக் கேட்டாள். "அது அப்படித்தான்" என்றார். அது அப்படித்தான் என்ற பதில் அவளுக்குப் பிடிக்காத பதில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வாரத்தில் மூன்றாவது தடவையாக அந்த டீச்சர் கடைக்கு வந்து நின்றாள். பக்கத்துக் கல்லூரியில் உடலியல் நடத்துகிறவள், முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். வருஷா வருஷம் இதே மாதத்தில் வருவாள். முதுகெலும்புக்கு உள்பக்கமாக ஒட்டியிருக்கிற நீளமான சதை மட்டும் வேண்டும் என்பாள். "சூடா இருக்கணும் அக்கா, அறுத்த உடனே வேணும்" என்று சொல்லி, வாங்கின கையோடு ஐஸ் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு ஓடுவாள். சமைக்கத் தெரிந்த பொம்பளை என்று கத்தியக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கறியின் ருசி அப்படி.

அன்றைக்கு டீச்சரின் முகம் வாடிக் கிடந்தது.

"என்ன டீச்சரம்மா, வீட்ல விருந்தாளியா? இந்த வாரத்துல இது மூணாவது வாட்டி."

"விருந்தாளியா! இத யாரும் சாப்பிடறதில்லைக்கா. கிளிசரின்ல ஊற வெச்சு ஃப்ரீசர்ல போடறேன்."

கத்தியக்காவின் கை நின்றுவிட்டது. "அந்தக் கறியவா? ஐயோ, பாவம் ஆடு! எதுக்கு?"

"ஆறேழு வாரம் ஊறினப்பறம் எடுத்து, நார் நாரா பிரிச்சு, ஒரு மருந்து சொட்டு விட்டா அது சுருங்கணும். உயிரோட இருக்கிறப்ப எப்படி இழுக்குமோ அப்படி. பசங்களுக்குக் காட்டணும். நாலு வருஷமா பண்றேன், ஒரு தடவகூட சுருங்கல. போன வாரம் பழைய ஸ்டாக்க எடுத்து வகுப்புல காட்டினேன். ஒரு பையன் எழுந்து, 'செத்தது செத்ததுதான் மேடம், விட்டுருங்க'ன்னான். வகுப்பே சிரிச்சிருச்சு. அதான் வேற வேற நாள் வாங்கிப் பாக்கறேன்."

வரிசையில் நின்ற ஒருவர் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார். கத்தியக்கா சிரிக்கவில்லை. கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏழு வாரம் ஆன கறி சுருங்குமா? நிஜமாவா சொல்றீங்க?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. மத்த ஊர்ல எல்லாம் பசங்க சாதாரணமா செய்யறாங்க. எனக்குத்தான் வரமாட்டேங்குது."

"எப்படி எடுத்துட்டுப் போறீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

டீச்சர் சொன்னாள். சூடாக வாங்குவது, ஐஸில் போடுவது, ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் குச்சியில் கட்டி கிளிசரினில் இறக்குவது. ஐஸ் என்ற வார்த்தை வந்ததுமே கத்தியக்கா நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

"அட டீச்சரம்மா! சூட்டோட எலும்புலேர்ந்து அறுத்த சதைய ஐஸ்ல போட்டா அது என்ன ஆகும்? கையக் காலச் சுருட்டிக்கும்! ஒரு சாண் நீளம் அர சாண் ஆயிடும். கல்லு மாதிரி இருக்கும், வேக வெச்சா வேகாது. நாங்க ஏன் முழுசா கொக்கில தொங்க விடறோம்? எலும்புல ஒட்டிக்கிட்டு இருந்தா எலும்பு விடாது, நீளமாவே விறைக்கும். நீங்க காலேஜுக்குக் கொண்டு போறதுக்குள்ளயே அது சுருங்கி முடிச்சிருச்சு. ஏற்கெனவே சுருங்கினது இனிமே எங்க போயி சுருங்க?"

வரிசையில் எட்டு பேர் காத்திருப்பதை இருவருமே மறந்துபோனார்கள்.

"குச்சில கட்டணும்னு போட்டிருந்துச்சு," என்றாள் டீச்சர் மெதுவாக. "பிடிச்சு எடுக்க வசதிக்காகன்னு நினைச்சேன். அதனால அறுத்து எடுத்தப்பறம்தான் கட்டினேன்."

"அறுக்கறதுக்கு முன்னாடி கட்டணும்! நாளைக்கு விடியக்காலைல அறுப்புக் கொட்டகைக்கு வாங்க. குச்சியும் நூலும் நீங்க கொண்டாங்க. ஐஸ கொண்டு வந்தீங்கன்னா பெட்டியோட தூக்கி எறிஞ்சிருவேன்."

தராசுக்காரர் பின்னாலிருந்து, "டீச்சருக்கே பாடம் எடுக்கற ஆளாயிட்டா, இனிமே நம்மள மதிப்பாளா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை டீச்சரும் சிரித்தாள்.

மறுநாள் விடியற்காலையில் டீச்சர் மழைக்குப் போடுகிற பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் குச்சி ஐஸுக்குப் போடுகிற மரக்குச்சிகள் ஒரு கட்டு, ஒரு நூல்கண்டு, கிளிசரின் ஊற்றிய அகல வாய் பாட்டில்கள் ஆறு. ஆட்டை அறுத்து வயிற்றைத் திறந்ததும் கத்தியக்கா குனிந்தாள். அந்தச் சதையைக் கத்தியால் தொடவே இல்லை. விரல் நுனியால் நார் ஓடுகிற போக்கிலேயே வருடி, மேல் ஜவ்வை விலக்கி, பென்சில் தடிமனுக்கு ஒரு கீற்றாகப் பிரித்தாள். இரண்டு நுனியும் இன்னும் உடம்போடுதான் இருந்தன. பிரித்த கீற்றுக்குப் பக்கத்தில் குச்சியை வைத்து, இந்த முனையில் ஒரு முடிச்சு, அந்த முனையில் ஒரு முடிச்சு. இழுக்கவும் இல்லை, தொய்யவும் விடவில்லை. உடம்பில் என்ன நீளமோ அதே நீளம். அப்புறம்தான் முடிச்சுக்கு வெளியே கத்தி வைத்தாள்.

குச்சி லேசாக வளைந்தது.

"பாத்தீங்களா, இழுக்குது!" என்றாள். அவள் குரலில் இருந்த குதூகலத்தைப் பார்த்துக் கொட்டகையில் இருந்த மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாகப் பதினெட்டுக் குச்சிகள். எல்லாம் பாட்டிலுக்குள் இறங்கின. டீச்சர் ஒவ்வொரு மூடியையும் குழந்தைக்குத் தொப்பி போடுகிற மாதிரி மூடினாள்.

அதற்கப்புறம் ஏழு வாரம் காத்திருக்கவேண்டும். கத்தியக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீச்சர் அந்தப் பக்கம் போனால் போதும், கையில் கத்தியோடு நடைபாதைக்கே வந்துவிடுவாள். "ஊறிடுச்சா? பாட்டில் தண்ணிய மாத்தினீங்களா? உறைஞ்சு போகலையே?" கிளிசரின் அந்தக் குளிரில் உறையாது என்று டீச்சர் சொன்ன பிறகுதான் ராத்திரி ஒழுங்காகத் தூங்கினாள். "பெத்த பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டப்பகூட இவ்வளவு விசாரிக்கல இவ" என்றார் கணவர்.

ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை. கடைக்கு அரை நாள் விடுமுறை விட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நல்ல நாளிலேயே விடுமுறை விடாதவள். தலைக்குக் குளித்து, பெட்டியின் அடியிலிருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, காலேஜ் படியில் ஏறினாள். ஆய்வுக்கூடத்தில் முப்பது பிள்ளைகள். நீள மேஜைகள், வரிசையாக மைக்ராஸ்கோப், சின்னக் கண்ணாடித் தட்டுகள். போன தடவை எழுந்து பேசிய அந்தப் பையனும் முதல் மேஜையில் இருந்தான்.

டீச்சர் ஒரு குச்சியை அவிழ்த்து, சதையைச் சின்னச் சின்னதாக நறுக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். பிள்ளைகள் ஊசியால் பிரித்தார்கள். கண்ணாடியில் வைத்து, அடியில் அளவுகோலை வைத்து, நீளத்தைக் குறித்துக்கொண்டார்கள். முதல் மேஜைப் பையன்தான் முதலில் சொட்டு விட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நிமிஷம் ஆயிற்று. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். அவன் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தான். உதடு ஓரத்தில் சிரிப்பு தயாராக இருந்தது. டீச்சரின் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று.

கத்தியக்கா எழுந்து போய் அவன் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்பா, இதுவா நார்? இது தாம்புக்கயிறு! இவ்வளவு கனமா இருந்தா மருந்து உள்ள எப்படிப் போகும்? அந்த ஊசிய இப்படிக் குடு."

ஊசியை வாங்கினாள். மேஜையில் முழங்கையை ஊன்றி, ஒரு துண்டை எடுத்துப் பாதியாகப் பிரித்தாள். அதைப் பாதியாக, அதையும் பாதியாக. பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். கடைசியில் கண்ணாடியில் கிடந்தது தலைமுடி மாதிரி ஒரே ஒரு இழை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. டீச்சர் முதலில் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "அக்கா, பாருங்க" என்றாள்.

கத்தியக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் இருட்டு. அப்புறம் வெளிச்சம். அப்புறம் நாருக்குக் குறுக்கே, கறுப்பும் வெளுப்புமாக, வகிடெடுத்து வாரிய மாதிரி, நூற்றுக்கணக்கில் வரிகள். ஒன்று தப்பாமல் ஒரே இடைவெளி. இருபத்தைந்து வருஷமாகத் தினமும் கையில் அள்ளிய பொருள். அதற்குள் இவ்வளவு ஒழுங்கா!

"யாரு போட்டது இந்தக் கோடெல்லாம்?" என்றாள், கண்ணை எடுக்காமலே.

"போட்டது இல்லக்கா, அது அப்படித்தான் கட்டியிருக்கு. கறுப்பா தெரியுதே, அங்க தடிச்ச இழைங்க இருக்கு, மயோசின்னு பேரு. வெளுப்புல மெல்லிசு இழை மட்டும், ஆக்டின்."

இழையை அளவுகோலின் மேல் வைத்தார்கள். இருபத்து நாலு மில்லிமீட்டர். டீச்சர் சொட்டுக்குழாயைக் கத்தியக்காவின் கையிலேயே கொடுத்தாள். "உள்ள இருக்கிறது ஏடிபி. உடம்புக்குள்ள சதை எரிக்கிற எரிபொருளே இதுதான். நீங்களே விடுங்க."

கத்தியக்கா குழாயை இழைக்கு நேராகப் பிடித்து அமுக்கினாள். ஒரு சொட்டு.

ஒன்று, இரண்டு, மூன்று என்று யாரோ எண்ணினார்கள். ஐந்து வரும்போது இழை நெளிந்தது. நுனி நகர்ந்தது. நகர்ந்ததா, கண் ஏமாற்றுகிறதா என்று யோசிப்பதற்குள் அடுத்த கோட்டைத் தாண்டியது. அதற்கடுத்த கோடு. யாரும் தொடவில்லை, ஊதவில்லை. ஏழு வாரமாக ஃப்ரீசரில் கிடந்த இழை, யாரோ உள்ளேயிருந்து கயிறு இழுக்கிற மாதிரி, தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று.

"வருது! வருது! டீச்சரம்மா, வருது!"

கத்தியக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் ஓடி வந்தது. அரை நிமிஷத்தில் அது நின்றபோது பதின்மூன்று மில்லிமீட்டர். ஏறக்குறையப் பாதி. டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். முதல் மேஜைப் பையன், "எனக்கு ஒண்ணு பிரிச்சுக் குடுங்கக்கா" என்று முதல் ஆளாகக் கையை நீட்டினான். அப்புறம் ஆய்வுக்கூடம் சந்தையாகிவிட்டது. "எனக்கு! எனக்கு!" "என்னோடது பதினொண்ணு!" "என்னோடது வளைஞ்சு போச்சு!" கத்தியக்கா ஊசியும் கையுமாக மேஜைக்கு மேஜை பம்பரமாகச் சுற்றினாள். கடையில் நிற்கிற வரிசையை விட இங்கே வரிசை பெரிசு.

ஆரவாரம் அடங்கியதும் அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, இப்ப சொல்லுங்க. உசிர் இருக்கா இல்லையா அதுக்கு?"

"இல்லக்கா. உயிர் எப்பவோ போயிடுச்சு. ஆனா இழுக்கிற ஏற்பாடு அப்படியே இருக்கு. எரிபொருள் இல்லாம நின்னுட்டிருந்துச்சு, குடுத்தோம், வேலை செய்யுது. உங்க ரெண்டு கையையும் நீட்டுங்க."

இரண்டு உள்ளங்கையும் கத்தியக்காவின் முகத்தைப் பார்க்க, விரல் நுனிகளை லேசாகக் கோர்க்கச் சொன்னாள் டீச்சர். "ஒரு கை விரல் தடிச்ச இழை, இன்னொரு கை மெல்லிசு. இப்ப உள்ள தள்ளுங்க."

விரல்கள் ஒன்றுக்கிடையில் ஒன்று வழுக்கிப் போயின.

"விரல் குட்டையாச்சா?"

"இல்ல."

"ஆனா கை ரெண்டும்?"

"கிட்ட வந்திருச்சு." கத்தியக்காவின் கண் விரிந்தது. "அப்ப எதுவுமே சுருங்கல! ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுது!" முழுக்கத் தள்ளினாள். விரலடி இடித்து நின்றது. "ஆங், இதுக்கு மேல போகாது! இதான் உங்க பழைய ஐஸ் கறி!"

டீச்சர் மேஜையில் தட்டிச் சிரித்தாள். தடித்த இழையில் ஆயிரக்கணக்கில் குட்டித் தலைகள் நீட்டிக்கொண்டிருப்பதை, அவை மெல்லிய இழையைப் பிடித்து இழுத்து, விட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடி பிடித்து இழுப்பதைச் சொன்னாள். பிடித்த பிடியை விடுவதற்கே ஒரு ஏடிபி வந்து ஒட்டவேண்டும் என்றும் சொன்னாள்.

கத்தியக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள். "இருங்க, இருங்க. விடறதுக்கா? அப்ப... உசிர் போனதும் எரிபொருள் வராது. இருக்கிறதும் தீந்துரும். பிடிச்சதெல்லாம் பிடிச்சபடியே நின்னுரும்..." குரல் மேலே மேலே ஏறியது. "அதான் விறைக்குது! விட முடியாம விறைக்குது!"

"அதேதான்! அடுத்த நாள் தளர்றது அந்த இழைங்க விட்டதால இல்ல. சுத்தியிருக்கிற கட்டுமானம் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுப் போறதால."

இருபத்தைந்து வருஷத்துக் கேள்வி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளைப் பிடித்து, "கேட்டியா? கேட்டியா?" என்று உலுக்கினாள்.

அந்தப் பெண் ஒரு சந்தேகம் கேட்டாள். "மேடம், சுருங்கினது மறுபடி நீளமாகுமா?"

"தானா ஆகாது. பிடி விட்டாலும், வேற எதாவது அத இழுத்து நீட்டணும். சதைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது."

டீச்சர் மேலே பேசுவதற்குள் கத்தியக்கா குறுக்கே புகுந்தாள். "அதான் எலும்புக்கு ரெண்டு பக்கமும் கறி இருக்கு! முன்னாடி ஒரு கட்டு, பின்னாடி ஒரு கட்டு. இது இழுத்தா மடங்கும், அது இழுத்தா நீளும். தினமும் ரெண்டையும் தனித்தனியா வெட்டிக் கூறு போடறேன், ஏன்னு தோணலையே எனக்கு!"

முப்பது பிள்ளைகளும் கைதட்டினார்கள். டீச்சர் கரும்பலகையில் எழுத வைத்திருந்த அடுத்த பாடத்தை அன்றைக்கு எழுதத் தேவையே இல்லாமல் போயிற்று.

கடைக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இரண்டு கை விரல்களைக் கோர்த்துக் காட்டச் சொன்னார். தானும் கோர்த்துப் பார்த்தார். "பாதியாவா ஆச்சு?" என்றார். "நான் நம்ப மாட்டேன்னு நினைச்சு அளவுகோல்ல வேற வெச்சுப் பாத்தாங்களா?" மறுநாள் முதல் அவர்தான் வருகிறவர்களிடமெல்லாம் கதையை ஆரம்பிப்பார். எண்ணிக்கை மட்டும் அவர் வாயில் கொஞ்சம் கூடும். ஏழு வாரம் ஏழு மாதமாகும். அவள் உள்ளேயிருந்து, "ஏழு வாரம்!" என்று கத்துவாள்.

அந்த வருஷமே இன்னும் இரண்டு கல்லூரிகளிலிருந்து ஆள் வந்தது. கத்தியக்கா குச்சியில் கட்டிக் கொடுத்தால் போதாது என்று, நேரில் வந்து பிரித்துக் காட்டவும் கூப்பிட்டார்கள். போனாள். பாட்டில்களின் மேல் டீச்சர் ஒட்டுகிற சீட்டில் நாள், கரைசல் அளவு, அதற்குக் கீழே "கட்டியவர்: கத்தியக்கா" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சீட்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடையில் கொக்கிகளுக்கு மேலே ஒட்டினாள்.

போன வாரம் டீச்சர் பேச்சுவாக்கில் இன்னொன்று சொல்லிவிட்டாள். இதயத்துச் சதையிலும் இதே வரிகள் உண்டு, ஆனால் நார்கள் நேராக ஓடாமல் கிளை விட்டுக் கிளை விட்டு ஒன்றோடொன்று கைகோர்த்திருக்கும் என்று. அதைக் கேட்ட பிறகு கத்தியக்காவுக்கு எந்தத் துண்டு வெட்டியும் கை நிலைகொள்ளவில்லை. வியாழக்கிழமை காலை கடை திறக்கும் முன்பே, மூடி போட்ட பாத்திரத்தோடு காலேஜ் படியில் ஏறி நின்றாள்.

அப்போதுதான் வந்து கதவைத் திறந்துகொண்டிருந்த டீச்சர் திரும்பிப் பார்த்தாள். "அக்கா! இன்னைக்கு வகுப்பே இல்லையே!"

"வகுப்ப யாரு கேட்டா?" கத்தியக்கா அவளைத் தாண்டி உள்ளே நுழைந்து, பாத்திரத்தை முதல் மேஜையில் வைத்தாள். "மைக்ராஸ்கோப்ப எடுங்க டீச்சரம்மா. கிளை எங்க விடுதுன்னு நான் பாக்கணும்."